கூடப் பிறந்தவள் வந்துவிட்டாள்

"நிறுத்துங்க!"

பிணவறைக் கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த பெண், ஸ்ட்ரெச்சரை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர்.

ஸ்ட்ரெச்சரின் மறுமுனையை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் பேராசிரியர் விடவில்லை. மாணவர்கள் அறுத்துப் படிக்க ஓர் உடல் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தவர் அவர். யாரும் உரிமை கோராத இந்த உடல், கெடு முடிந்து இன்றுதான் கல்லூரிக்குக் கிடைத்திருந்தது.

"இவன் என் தம்பி சார். ஊர் ஊரா சுத்துறவன். பேப்பர்ல போட்டோவைப் பார்த்துட்டு ஓடி வரேன்."

"அடையாளம் ஏதாவது..." என்று இழுத்தார் பேராசிரியர்.

"இடது புருவத்துல தழும்பு. கரண்டியால அடிச்சவளே நான்தான்!"

தழும்பு இருந்தது.

"விசாரிச்சாச்சு சார். கூடப் பிறந்தவங்கதான்" என்றார் போலீஸ்காரர்.

"ஆனா, கெடு முடிஞ்சுபோச்சேம்மா..."

பிணவறைக் காவலர் குறுக்கிட்டார். "உடம்பு இன்னும் வாசலைத் தாண்டலையே. சொந்தம் வந்துட்டா, இனி அவங்க சொல்றதுதான் சார் சட்டம்."

பேராசிரியரின் முகம் தொங்கிப்போனது. "சரிம்மா, எடுத்துட்டுப் போங்க."

"நான் எங்கே எடுத்துட்டுப் போறது? உங்க காலேஜுக்குத்தான் வரான்."

பேராசிரியர் திருதிருவென்று விழித்தார். "அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு ரகளை?"

அவள் தம்பியின் கலைந்த முடியை விரலால் வாரிவிட்டாள்.

"டாக்டருக்குப் படிக்கணும்னு மூணு தடவை பரீட்சை எழுதியும் சீட் கிடைக்காதவன் சார். இன்னிக்குத்தான் மெடிக்கல் காலேஜுக்குள்ள போறான். சேர்த்துவிட வீட்டு ஆள் ஒருத்தர் வர வேண்டாமா?"