ரோஜா மணக்காத கோப்பை

ரோஜாவும் லிச்சிப் பழமுமாய் மணக்கும் கெவுர்ஸ்ட்ராமினர் ஒயினை நீங்கள் முகர்ந்ததுண்டா? அது விளையும் பிரான்சின் அல்சாஸில் குழந்தைகூட அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். சாயங்கால வெயில் மேசையில் கிடக்கிறது. சீமைச்சீரகம் தூவிய முன்ஸ்டர் சீஸ் வீட்டையே நாறடிக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்த மோரண்ட் முகம்கூடச் சுளிக்கவில்லை. ஒயினுக்குப் பக்குவம் பார்ப்பது அவன் மூக்குதான். அது போனால் பிழைப்பே போய்விடும். அவன் மனைவி இர்மா, வேண்டுமென்றே, வாசனையில்லாத வேறொரு ஒயினை ஊற்றி நீட்டுகிறாள். "நம்ம புது கெவுர்ஸ்ட்ராமினர். எப்படி மனுஷா இருக்கு?" அவன் கண்ணை மூடி ஆழமாய் இழுக்கிறான். "அடியே, ரோஜாத் தோட்டமே இருக்குடி இதுல!" சீஸ் வெட்டும் அவள் கை நின்றுவிடுகிறது. "பின்ன, யாரு பக்குவம்!" என்று சிரிக்கிறாள். நின்றுபோன அந்தக் கையையும் சிரிப்பையும் அவன் மாறி மாறிப் பார்க்கிறான்.

மறுநாள் காலை மோரண்ட் தன் கையாலேயே திராட்சைத் தோட்டத்து வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகையை மாட்டினான்.