மூன்றாவது பேட்டரி

“படகுக்கு ரெண்டு பேட்டரி போதும். உன் வீட்ல டிவி ஓட என் எஞ்சின்தான் சார்ஜ் ஏத்தணுமாடா?”

கேப்டன் வின்ஸ்ஃபோர்ட், தன்னிடம் வேலை பார்க்கும் ரெண்டலின் பேட்டரியைப் படகிலிருந்து தூக்கிப் படகுத்துறையில் வைத்தார். நிகரகுவா பக்கம் கரண்டே இல்லாத குட்டித் தீவு அது. தினமும் விடியலில் ஒரு காலி பேட்டரியோடு வருவான் ரெண்டல். மாலையில் சார்ஜ் ஏறியதும் எடுத்துப் போவான்.

“டிவி இல்ல கேப்டன், அது வந்து…”

“வாயை மூடிட்டு ஏறு! ஓசி கரண்ட் இன்னியோட கட்!”

மூன்றாம் நாள் மதியம். சிங்கி இறால் கூண்டுகளைத் தூக்கும்போது எஞ்சின் நின்றது. எத்தனை முறை முடுக்கியும் பிடிக்கவில்லை. நங்கூரமும் நிற்காமல் இழுபட்டது. நீரோட்டம் படகைப் பவளப்பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

வின்ஸ்ஃபோர்ட் ரேடியோவை எடுத்தார். “தீவு! தீவு! பாறைகிட்ட மாட்டிக்கிட்டோம்! படகு அனுப்புங்க!”

இரைச்சல் மட்டுமே வந்தது.

“கரையில எப்பவும் உன் பொண்டாட்டிதானேடா ரேடியோவை எடுப்பா? இன்னிக்கு எங்க தொலைஞ்சா?”

“ரேடியோ முன்னாடிதான் உக்காந்திருப்பா, கேப்டன்.” ரெண்டல் பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வீட்ல இருந்த மாத்து பேட்டரியும் நேத்து தீந்துபோச்சு. அந்த ரேடியோ இத்தனை நாளா ஓடினதே உங்க எஞ்சின் கரண்ட்லதான்.”