முப்பத்தோராவது துப்பாக்கி

"இன்னிக்கு ஒண்ணை எடுக்காம இந்த வீட்டை விட்டுக் கிளம்பறதா இல்ல ஹோபர்ட்!" என்றபடி இமொஜீன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஹோபர்ட் அவசரமாகக் காப்பியை ஊற்றி நீட்டினார்.

நாலு சனிக்கிழமையாக அந்த அம்மாள் வருகிறார். வசந்தத்தில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கிக் குடிவந்தவர். இந்த மேற்கு வர்ஜீனியா மலைக்குள் அவருக்கு யாரையும் தெரியாது. ஹோபர்ட் பத்திரிகையில் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார்: "பாயின்ட் டூ-டூ ரைபிள், முப்பத்தொன்றில் ஒன்று விற்பனைக்கு. எது என்பது வாங்குபவர் விருப்பம்."

அணில், முயல் சுடுகிற அந்தச் சின்னத் துப்பாக்கிகளில் முப்பதுக்குத்தான் அவர் கூடத்துச் சுவரில் இடம். புதுசு ஒன்று வந்தால் பழசு ஒன்று போக வேண்டும். ஹோபர்ட்டின் மனைவி போட்ட சட்டம் அது. மனைவி இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது, சட்டம் மட்டும் போகவில்லை.

முதல் வாரம் இந்த அம்மாள், "தோட்டா எந்தப் பக்கமா வெளிய போகும்?" என்று கேட்டபோது ஹோபர்ட் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் அவருக்கு வாய் ஓயவில்லை. ஒவ்வொன்றையும் இறக்கி, துடைத்து, எந்த வருஷம், எந்த மரம் என்று பெருமையாகச் சொல்லச் சொல்லச் சாயங்காலம் ஆகிவிடும். ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை. இந்த அம்மாள் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டால் சனிக்கிழமையும் மற்ற நாள் மாதிரிதான்.

ஆகவே வாங்க விடக் கூடாது!

"அடுத்த வாரம் அணில் வேட்டை சீசன் ஆரம்பம். இதை எடுத்துக்கட்டுமா?" இமொஜீன் லீவர் வைத்த ஒன்றைத் தொட்டார்.

"ஆகா! இந்த மாதிரி ஒண்ணு இந்த மாவட்டத்துலயே கிடையாது அம்மணி! குழல்மேல அந்த நீலப் பூச்சைப் பாருங்க..." ஹோபர்ட் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா இடப்பக்கம் இழுக்கும். அணிலைக் குறி வெச்சா பக்கத்து மரத்துல படும்."

"அய்யய்யோ! அப்ப இது?"

"அதுவா? எழுபது வருஷப் பழசு, ஒரு கீறல் கிடையாது! ஆனா... குளிர்ல தோட்டா சிக்கிக்கும்."

பெற்ற பிள்ளையைத் தானே திட்டுவது போல இருந்தது அவருக்கு. மூன்றாவதுக்கு மரக்கட்டை ஈரத்தில் வீங்கும் என்றார். மனசுக்குள் அதனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

இமொஜீன் அடுத்ததை எடுத்தார். அதன் வாயைத் தரைப்பக்கம் திருப்பி, தோட்டா போடும் இடத்துப் போல்ட்டைத் திறந்து காலிதானா என்று பார்த்தார். கட்டைவிரல் நகத்தைப் பின்பக்கம் வைத்து, அதில் பட்டு வரும் வெளிச்சத்தில் குழலுக்குள் எட்டிப் பார்த்தார். ட்ரிகர் பக்கம் விரல் போகவே இல்லை.

"சபாஷ்! காலியா இருக்கறப்ப ட்ரிகரை இழுத்தா தோட்டாவைக் குத்தற ஊசி குழல் விளிம்புல இடிச்சுப் பாழாயிடும்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். கப்புனு புடிச்சுக்கிட்டீங்களே!" ஹோபர்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாலே சனிக்கிழமை! சொல்லிக் கொடுக்கறவன் சொல்லிக் கொடுத்தா எல்லாம் வரும்."

"வாத்தியார் அப்படி," என்று சிரித்த இமொஜீன், வாசலுக்கு மேலே இருந்ததைக் காட்டினார். "அது?"

ஹோபர்ட் வாயைத் திறந்தார். குறை ஒன்றும் வரவில்லை. பின்னே? அது அவருடைய ராஜா.

"அதுல... அதுல குறை சொன்னா என் நாக்கு அழுகிடும் அம்மணி. போன வருஷம் ஆறு தோட்டா, ஆறு அணில். ஆறும் தலையில. ஒரு துண்டு கறி வீணாகல. குழம்பு வெச்சு சர்ச்சுல எல்லாருக்கும் போட்டேன். இதைத் தொட்டவன் வேற துப்பாக்கியைத் தொட மாட்டான்."

"அப்ப அதுவே!"

முடிந்தது. பெருமை அவரைக் கவிழ்த்துவிட்டது. எது வேண்டுமானாலும் என்று அச்சில் போட்டவர் இப்போது பின்வாங்க முடியுமா? மலைக்காரன் பேச்சு பேச்சுதான். விலையைக் கேட்டு அந்த அம்மாள் பேரமாவது பேசினால் இன்னும் கால் மணி நேரம் ஓடும். அதுவும் பேசவில்லை.

ஹோபர்ட் ராஜாவை இன்னொரு தடவை துடைத்து, கம்பளியில் சுற்றிக் கொடுத்தார்.

"இதை மாட்ட எங்க வீட்டுல ஆள் இல்ல. நீங்களே வந்து மாட்டிக் கொடுங்களேன்," என்றார் இமொஜீன்.

போன உயிர் பாதி திரும்பியது. ஹோபர்ட் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளின் வண்டியில் ஏறினார். வழியெல்லாம் பேச்சுதான். "வெயில் படற சுவர் கூடாது. அடுப்புப் பக்கம் கூடவே கூடாது. எங்க மாட்டணும்னு நான் பாத்துச் சொல்றேன். ஒரு துப்பாக்கின்னாலும் அதுக்கு மரியாதை வேணும் அம்மணி!"

"நீங்க சொன்னா சரி," என்று இமொஜீன் பவ்யமாகத் தலையாட்டினார்.

வீட்டுக்குள் போனதும் உள்ளறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

நாலு சுவரிலும், தரையிலிருந்து கூரை வரை, பாயின்ட் டூ-டூ ரைபிள்கள். எண்ண ஆரம்பித்த ஹோபர்ட் அறுபதோடு நிறுத்திக்கொண்டார். சுத்தியல் கையிலிருந்து நழுவியது.

"எனக்கும் இடம் பத்தல ஹோபர்ட், ஒண்ணு விக்கணும்," என்றார் இமொஜீன். "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நிதானமா பாருங்க. அவசரமே இல்ல, எதை எடுத்தாலும் நானும் ஒரு குறை சொல்றேன்."