சதவீதக் குறி போட்ட டப்பா

“இது என்ன, முன்னாடி சதவீதக் குறி? இதுக்கும் வட்டி போடுவானுங்களா?”

வெல்டர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு திரையை முறைத்தார். மகள் சிரிப்பை அடக்கினாள்.

“வட்டி இல்லப்பா. இந்த சாட் ரூமுக்கு இப்படித்தான் புரோகிராம் எழுதணும். இந்தக் குறி போட்டா அது ஒரு டப்பான்னு அர்த்தம். ‘பதில்’னு பேர் வச்சிருக்கேன். உள்ளே என்ன வார்த்தையைப் போடறோமோ, அதை எடுத்து...”

“யாரு எடுப்பா?”

“சொல்ல விடுங்கப்பா. அம்மா முதல் வரி எழுதினதும், கம்ப்யூட்டரே அதை எடுத்து அம்மாவுக்கு...”

“நான் தட்டாம அது எப்படித் தட்டும்? திருட்டுப் பய வேலையால்ல இருக்கு!”

கம்ப்யூட்டரை அவர் நம்பியதே இல்லை. அதுவும் யாரை நம்புகிறது? ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கிறது.

மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம். ஜன்னலுக்கு நீலத் திரையா பச்சைத் திரையா என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. ஜன்னல் இன்னும் மொட்டையாகவே இருக்கிறது. போன் செய்தால் எடுக்க மாட்டாள். சாட் ரூமில் மகளோடு மட்டும் பேசுவாள். நேற்று எழுதியிருந்தாள்: “நாளைக்கு உங்கப்பாவை உட்கார வை. கடைசியா ஒரு தடவை பேசிப் பார்க்கறேன். சரிப்படலேன்னா இங்கேயே இருந்துக்கறேன்.”

“‘வீட்டுக்கு வா’ன்னு நீங்களே தட்டுங்களேன்பா. ரெண்டே வார்த்தை.”

“நானா? போகத் தெரிஞ்சவளுக்கு வரத் தெரியாதா?”

“அதுக்குத்தான் இந்த டப்பா. நீங்க சொல்ல வேண்டாம், அது சொல்லும்.”

வெல்டர் மோவாயைச் சொறிந்தார்.

“சரி. ஆனா நான் சொன்னேங்கறது இதுக்குள்ளே கிடக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது நோண்டி எடுத்து ஊருக்கே காட்டுவான்.”

“கம்ப்யூட்டரை மூடினாலும் அப்படியே இருக்கிற டப்பாவும் உண்டு. ஒரு தடவை வேலை முடிஞ்சதும் தானா காலியாகிற டப்பாவும் உண்டு. உங்களுக்கு ரெண்டாவது. போதுமா?”

டப்பாவின் பெயரை எழுதி, ஓர் இடம் விட்டு, ‘வீட்டுக்கு வா’ என்று தட்டினாள்.

“நிஜமாவே சொல்லுமா? கண்ணால பார்க்காம நான் நம்பமாட்டேன்.”

“பஸ் போயிடும்பா...”

“காட்டிட்டுப் போ.”

அவசரமாக ஒரு தடவை ஓட்டிக் காட்டினாள். திரையில் ‘வீட்டுக்கு வா’ என்று வந்து நின்றது. வெல்டருக்குக் காது சிவந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

“கீபோர்டைத் தொடாதீங்க. சும்மா உட்காருங்க, அது போதும்” என்றபடி மகள் வேலைக்கு ஓடினாள்.

அவர் உட்கார்ந்திருந்தார். மொட்டை ஜன்னல் வழியே வந்த வெயில், சுவரில் தண்ணீர் மாதிரி ஆடியது. மின்விசிறி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னது. இமை கனத்தது.

தண்ணீரில் டப்பாக்கள் மிதந்து வந்தன. ஒவ்வொரு மூடியிலும் சதவீதக் குறி. அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு மூடிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். தெறித்த பொறிகள் தண்ணீரில் விழுந்து மீன்களாக ஓடின. கடைசி டப்பாவுக்குள் அவள் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டது, வார்த்தை விளங்கவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டுக் காதை வைத்தார். டப்பா இளஞ்சூடாக இருந்தது. பற்றவைக்க மனம் வரவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

சுவரில் வெயில் மஞ்சளாகியிருந்தது. கதவைத் திறந்தார். பையோடு மனைவி நின்றாள். அழுது வீங்கிய கண், ஆனால் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது.

சொல்லிவிட்டது பார், டப்பா! வெல்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“வந்துட்டியா?”

“வராம? மனசுல கிடந்ததையெல்லாம் கொட்டிட்டேன். சாட் ரூம்ல உங்க பேரு கடைசி வரைக்கும் இருந்துச்சு, நீங்க எழுந்து போகலை. கல்யாணமான நாள்லேருந்து நான் ஒரு பேச்சைப் பேசி முடிச்சது இன்னிக்குத்தாங்க. நடுவுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீங்க பேசலையே!”

வெல்டர் திரும்பிப் பார்த்தார். திரை முழுக்க மேலிருந்து கீழ் வரை அவள் எழுதியதுதான். அவர் பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. அவர் கேட்டு மகள் ஓட்டிக் காட்டிய அந்த ஒரு தடவையிலேயே டப்பா காலியாகிவிட்டிருந்தது.

“அடியே, நான் தூங்கி...” என்று ஆரம்பித்தவர், அவள் இன்னும் ஏதோ சொல்ல வருவதைப் பார்த்து, விழித்திருக்கும்போதே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார்.