தோலோடு போன கோள்

"என் உருளைக்கிழங்கை யார் தொட்டது?" ஜ்யோத்ஸ்னா போட்ட கத்தலில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸே அதிர்ந்தது.

வெங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றைக்கோ ஒரு நாள் சமைத்தால் பெண்டாட்டி தரும் மரியாதை இதுதானா! "ஒரு கிழங்குக்கா இந்தக் கூத்து? குழந்தை பேனாவால கிறுக்கி வெச்சிருந்தா. சீவி வதக்கிட்டேன்."

"கிறுக்கினது நான்! விண்கலம் அனுப்பின படங்களைப் பார்த்து, இதே கிழங்கு மாதிரி இருக்கற ஒரு சிறுகோளோட பள்ளம் ஒண்ணு விடாம அதுல வரைஞ்சிருந்தேன். கோணல்மாணலான கல்லைத் தட்டையா எப்படி மேப் போடறதுன்னு ஒரு மாசமா மண்டையை ஒடைச்சிண்டிருக்கேன். தோலாவது இருக்கா?"

அவன் கடுப்போடு சமையல் மேடையைக் காட்டினான். அறுபடாமல் சீவிய தோல், பழைய பேப்பர் மேல் தட்டையாக விரிந்து கிடந்தது. பள்ளங்கள் எல்லாமே அதில் வரிசையாகத் தெரிந்தன.

ஜ்யோத்ஸ்னா அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கத்தினாள்:

"இதைப் போன மாசமே சீவித் தொலைச்சிருக்கப்படாதா!"