சத்தம் கொஞ்சம் அதிகம்

“பன்னி ரத்தத்தைப் பச்சையாச் சாப்பிடாதீங்க! நல்லா வேகவெச்சுச் சாப்பிடுங்க!”

விடிந்தும் விடியாததுமாகச் செவ்வாற்றங்கரைக் கிராமம் முழுக்க ஒலிபெருக்கியில் தோவாவின் குரல் அலறியது. மகள் கல்யாணத்துக்குப் பன்றி வெட்டிக்கொண்டிருந்த லோக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை ரத்தத்தை உறையவைத்து, வேர்க்கடலை தூவிக் கிண்ணம் கிண்ணமாக வைக்காவிட்டால் அது என்ன கல்யாணப் பந்தி?

“போய் அவ வாயை அடைச்சுட்டு வரேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

லோக் அறிவிப்பு அறைக்குள் நுழைந்தபோது தோவா மைக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“காது கிழியுதும்மா! மெல்லப் பேசினா என்ன? என் பன்னி ஒரு நாள் தும்மினதுகூட இல்ல. அதுக்கு என்ன நோய்?”

தோவா அவர் வாயையே உற்றுப் பார்த்தாள்.

“என்ன முறைப்பு?”

“எங்க பன்னியும் கொழுகொழுன்னுதான் இருந்துச்சு, மாமா. அதோட குடல்ல இருக்கிற கிருமி அதை ஒண்ணும் செய்யாது. நம்ம ரத்தத்துல பூந்தாதான் ஆட்டம் காட்டும். என் கல்யாணத்துல ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். பொழச்சதே பெரிசு, ரெண்டு காதும் போச்சு. அதான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.” சிரித்தாள். “நான் பேசுறது எனக்கே கேக்காது. சத்தம் ரொம்ப அதிகமா இருக்கா, மாமா?”

லோக் இல்லையென்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், எடுத்துவைத்திருந்த ரத்தம் முழுவதையும் கொதிக்கிற அண்டாவில் கவிழ்த்தார்.

“அவகிட்டக் கத்திட்டு வந்தீங்களா?” என்றாள் மனைவி.

“கத்தினேன். அவளுக்குக் கேக்கல. எனக்குத்தான் கேட்டுச்சு.”