கெட்டிலின் சேமிப்பு

வேதமாணிக்கத்தின் குறட்டையை அடக்க ஒரு மூச்சு மிஷின் வந்தது. காற்றை ஈரப்படுத்த அதற்குள் குட்டியாக ஒரு தொட்டி. சமையலறை மேடையில் வைக்கப்பட்ட தொட்டி, எந்தத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்வது என்று பக்கத்திலிருந்த கெட்டிலிடம் யோசனை கேட்டது.

“போர் தண்ணிதான் கண்ணு, அதுலதான் சத்து!” என்றது கெட்டில். “இந்த டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை மட்டும் நம்பாதே. இன்வெர்ட்டருக்கு ஊத்துற சாதி. என்னைப் பாரு, வந்த நாள்லேருந்து எவ்வளவு சேர்த்து வச்சிருக்கேன்!”

பெருமையோடு மூடியைத் திறந்து காட்டியது. உள்ளே வெள்ளையடித்த சுவர் மாதிரி உப்பு கட்டிப் போயிருந்தது.

தொட்டி மெல்லப் பாட்டிலின் பக்கம் திரும்பியது. “உங்ககிட்ட என்ன இருக்குண்ணே?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றது பாட்டில் தண்ணீர் கூச்சத்தோடு. “வருவேன், காத்தோட காத்தா அவர் மூச்சுக்குள்ள போயிடுவேன். எதையும் விட்டுட்டுப் போகத் தெரியாது.”

“அப்போ நீங்களே வாங்க!”

“பிழைக்கத் தெரியாத பொண்ணு!” என்று கெட்டில் உச்சுக்கொட்டியது. அப்போது வேதமாணிக்கத்தின் மனைவி எலுமிச்சம்பழமும் தேய்க்கிற நாருமாக வந்து, கெட்டிலைத்தான் முதலில் தூக்கினாள்.

“ஐயோ, அம்மா!” என்று அலறியது கெட்டில். “அவ்வளவும் என் சேமிப்பு!”